புனித பூமிக்குக் குழுவாகப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்: டர்பன் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களுக்காக

சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், மெரிபேங்க், டொங்காட் பகுதிச் சபைகளிலிருந்து புனித பூமிக்குப் புறப்பட்ட நான்கு குழுக்களோடு உதவியாளராகப் போய்வந்திருக்கிறேன். ஒவ்வொரு பயணம் அறிவிக்கப்படும்போதும் ஆராதனை முடிந்து ஆலய வாசலில் நிற்கையிலும், துக்க வீட்டில் தேநீர் குடிக்கையிலும், இரவு பத்து மணிக்குத் தொலைபேசியிலும் அதே ஐயங்களைத்தான் கேட்கிறார்கள். தமிழில் வாசிப்பதையே எளிதாக உணரும் பெரியவர்களுக்காகவும், தமிழ்நாட்டிலிருந்து அண்மையில் இங்கே வந்து குடியேறியவர்களுக்காகவும் அவற்றைத் தொகுத்து எழுதுகிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே கூடியவரை கொடுத்திருக்கிறேன்.

கிறிஸ்தவராகப் பிறந்தவர் ஒரு தடவையாவது எருசலேமுக்குப் போகவேண்டும் என்கிறார்களே, போகாவிட்டால் குறையா?

குறையே இல்லை. எருசலேமுக்குப் போவதைக் கடமையாக நம் வேதம் எங்கும் விதிக்கவில்லை. எந்த மலையில் தொழவேண்டும் என்று சமாரியப் பெண் கேட்டபோது, இந்த மலையும் எருசலேமும் மட்டுமல்ல, பிதாவை ஆவியோடும் உண்மையோடும் தொழுகிற காலம் வருகிறது என்றுதான் ஆண்டவர் பதிலளித்தார் (யோவான் 4). நான்காம் நூற்றாண்டில் நிசா நகரத்து ஆயர் கிரகோரியார், இடம் மாறிப் போவதால் ஒருவர் கடவுளுக்கு அதிகம் நெருங்கிவிடுவதில்லை என்று கடிதம் எழுதினார். அதே நூற்றாண்டில்தான் எகேரியா என்னும் பெண் மேற்கு ஐரோப்பாவிலிருந்து அவ்வளவு தொலைவு பயணம் செய்து, தான் கண்ட இடங்களையும் வழிபாடுகளையும் தன் சகோதரிகளுக்கு எழுதி அனுப்பினார். திருச்சபை இருவரையும் போற்றுகிறது.

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து டர்பன் துறைமுகத்தை அடைந்த ட்ரூரோ கப்பலில் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். கரும்புத் தோட்டத்தில் ஒப்பந்தக் கூலிகளாய் உழைத்த அவர்கள் எருசலேமைக் கனவிலும் எண்ணியிருக்க முடியாது. அவர்களுடைய விசுவாசத்தில்தான் நம் சபைகள் நிற்கின்றன. ஆகவே பணமோ உடல்நலமோ இடங்கொடுக்காதவர் மனம் வருந்தவேண்டாம். போகிறவரும் அதைத் தகுதியாக எண்ணவேண்டாம். வாசித்துப் பழகிய வசனத்தின் மண்ணையும் வெயிலையும் தூரத்தையும் ஒருமுறை அறிந்து, திரும்பி வந்து அதே வசனத்தை இன்னும் நன்றாக வாசிப்பதே பயணத்தின் பயன் என்று நான் நம்புகிறேன்.

பத்து நாளில் எங்கெங்கே கூட்டிக்கொண்டு போவீர்கள்?

வழக்கமான வரிசை கலிலேயாவில் தொடங்கி எருசலேமில் முடியும். முதல் மூன்று நாட்கள் நாசரேத், கானா, கப்பர்நகூம், மலைப்பிரசங்க மலை, அப்பங்களின் அற்புதம் நடந்த இடமாகப் போற்றப்படும் தப்கா, 2009இல் முதல் நூற்றாண்டு ஜெப ஆலயம் வெளிப்பட்ட மக்தலா ஆகியவற்றுக்கும் கலிலேயாக் கடலில் படகுப் பயணத்துக்கும் போய்விடும். அது கடல் அல்ல, சுமார் 21 கிலோமீட்டர் நீளமும் 13 கிலோமீட்டர் அகலமும் உள்ள நன்னீர் ஏரி. டர்பன் கடற்கரையில் வளர்ந்த நமக்கு முதல் பார்வையில் "இவ்வளவுதானா?" என்று தோன்றும். ஆனால் சுற்றியுள்ள மலைகளிலிருந்து காற்று திடீரென இறங்கும்போது, சீஷர்கள் ஏன் பயந்தார்கள் என்பது விளங்கும். 1986இல் வறட்சியால் நீர் வற்றியபோது சேற்றிலிருந்து எடுக்கப்பட்ட பழங்காலப் படகு கினோசாரில் இருக்கிறது. அதன் நீளம் எட்டு மீட்டருக்குச் சற்று அதிகம். பன்னிரண்டு பேரும் ஆண்டவரும் எவ்வளவு நெருக்கமாக உட்கார்ந்திருப்பார்கள் என்பதை அதன் அருகே நின்றால் உணரலாம்.

பிறகு யோர்தான் பள்ளத்தாக்கு வழியாக எரிகோ, பழைய வேதச் சுருள்கள் கிடைத்த கும்ரான், சவக்கடல். அதன்பின் பெத்லகேமும் எருசலேமும். எருசலேமுக்கு மட்டும் குறைந்தது நான்கு நாட்கள் தேவை. அதற்குக் குறைவாக வைத்திருக்கும் திட்டத்தை நான் பரிந்துரைப்பதில்லை, ஏனென்றால் அங்கே ஓட்டமும் நடையுமாகப் போனவர்கள் படங்களோடு திரும்புகிறார்களே தவிர ஜெபித்த நினைவோடு திரும்புவதில்லை. சில குழுக்கள் யோர்தான் நாட்டையும் சேர்த்து, மோசே நின்று பார்த்த நேபோ மலையையும், புனித பூமியின் ஆறாம் நூற்றாண்டு வரைபடம் தரையில் பதிக்கப்பட்டிருக்கும் மாதபா ஆலயத்தையும் பார்த்துவிட்டு வரும்.

எந்த மாதம் நல்லது? பிள்ளைகளின் ஜூலை விடுமுறையில் போகலாமா?

மார்ச் முதல் மே நடுப்பகுதி வரையும், செப்டம்பர் இறுதி முதல் நவம்பர் வரையும் நல்ல காலம். நமக்கு ஜூலை குளிர்காலம், அங்கே அது கடும் கோடை. எரிகோவிலும் சவக்கடலிலும் அந்த மாதத்தில் நண்பகலில் 40 பாகை வெப்பம் புதுமையல்ல. முதியோர் உள்ள குழுவை ஜூலையில் அழைத்துப் போவதை நான் விரும்பமாட்டேன். ஜனவரியில் எருசலேம் மலைமேல் நல்ல குளிர், சில ஆண்டுகளில் பனியும் விழும்.

உயிர்த்தெழுதல் திருநாள் வாரத்தில் போகவேண்டும் என்று பலர் ஆசைப்படுகிறார்கள். அந்த வாரத்தில் விடுதிக் கட்டணம் ஏறும், கல்லறை ஆலயத்தில் மணிக்கணக்கில் நிற்கவேண்டும். அத்துடன் யூதர்களின் பஸ்கா அதே வாரத்தில் வந்தால் விடுதிகளில் புளித்த மாவு சேர்த்த ரொட்டியே கிடைக்காது. திருநாளுக்கு இரண்டு மூன்று வாரம் கழித்துப் போவது நல்லது என்பது என் கருத்து.

விசா வேண்டுமா?

தென்னாப்பிரிக்கக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு இஸ்ரேலுக்கு விசா தேவையில்லை. ஆனால் 2025 ஜனவரி 1 முதல், விசா விலக்கு பெற்றவர்களும் புறப்படுமுன் இணையத்தில் மின்னணுப் பயண அனுமதி பெறவேண்டும். கட்டணம் 25 ஷெக்கல். குறைந்தது மூன்று நாட்களுக்கு முன் விண்ணப்பிக்கச் சொல்கிறார்கள், நாங்கள் மூன்று வாரத்துக்கு முன்பே முடித்துவிடுகிறோம். கடவுச்சீட்டு, திரும்பும் நாளுக்குப் பின் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு இந்த விலக்கு பொருந்தாது. தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே ஊழியம் செய்யும் போதகர்கள் விசாவுக்குத் தனியாக விண்ணப்பிக்கவேண்டும், இங்கே திரும்பி நுழைவதற்கான தங்கும் அனுமதியின் காலத்தையும் சரிபார்த்துக்கொள்ளவேண்டும்.

18 வயதுக்குட்பட்ட பிள்ளை தாயோடு மட்டும் அல்லது தந்தையோடு மட்டும் பயணம் செய்தால், மற்றவரின் எழுத்துமூலச் சம்மதத்தை உறுதிமொழிப் பத்திரமாகக் கொண்டுவரவேண்டும். தாத்தா பாட்டியோடு வந்தால் பெற்றோர் இருவரின் சம்மதமும் தேவை. யோர்தானையும் சேர்த்துப் போகும் குழுக்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: ஆலன்பி பாலம் எனப்படும் எல்லைக் கடப்பில், வந்திறங்கிய பின் யோர்தான் விசா பெறும் வசதி இல்லை. அதை முன்னதாகவே முடிக்கவேண்டும்.

மஞ்சள் காய்ச்சல் ஊசி எதற்கு? இஸ்ரேலில் அந்தக் காய்ச்சல் இல்லையே?

இஸ்ரேலில் இல்லை, வழியில்தான் பிரச்சினை. ஜொகானஸ்பர்க்கிலிருந்து டெல் அவீவுக்கு நேரடியாகப் பறந்த, இஸ்ரேலின் எல் ஆல் நிறுவன விமானம் 2024 மார்ச் இறுதியோடு நின்றுவிட்டது. அதனால் பல குழுக்கள் எத்தியோப்பியாவின் ஆடிஸ் அபாபா வழியாகப் போகின்றன. மஞ்சள் காய்ச்சல் உள்ள நாட்டு விமான நிலையத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்து வருகிறவரிடம் தென்னாப்பிரிக்கா தடுப்பூசிச் சான்றிதழ் கேட்கும். இணைப்பு விமானம் குறுகிய நேரத்தில் இருந்தால் தேவைப்படாது, ஆனால் விமானம் தாமதமாகி இரவு தங்கநேர்ந்தால் தேவைப்படும். ஊசி போட்டுப் பத்து நாட்கள் கழித்தே சான்றிதழ் செல்லும், பிறகு ஆயுள் முழுவதும் போதும். 60 வயதைத் தாண்டியவர்களும், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் மருத்துவரைக் கேட்காமல் போட்டுக்கொள்ளக் கூடாது. அவர்களுக்காகவே நாங்கள் வளைகுடா வழியாகவும் கட்டணம் கேட்டுப் பார்க்கிறோம்.

எவ்வளவு பணம் ஆகும், அதில் எதெல்லாம் சேர்ந்தது?

தொகையை இங்கே எழுதினால் அடுத்த மாதமே தவறாகிவிடும். அங்கே ஆகும் செலவு டாலரில் கணக்கிடப்படுகிறது, நாம் ராண்டில் கட்டுகிறோம். எனவே எந்த விலையைச் சொன்னாலும் "எந்த நாள் மாற்று விகிதத்தில்?" என்று கேளுங்கள். பெரும்பாலும் விமானம், விடுதி, காலை உணவும் இரவு உணவும், பேருந்து, வழிகாட்டி, நுழைவுக் கட்டணம் ஆகியவை சேர்ந்திருக்கும். மதிய உணவு, பயணக் காப்பீடு, வழிகாட்டிக்கும் ஓட்டுநருக்கும் கொடுக்கும் அன்பளிப்பு, தனி அறைக்கான கூடுதல் தொகை ஆகியவை பெரும்பாலும் சேராது. விதவைகளான சகோதரிகள் பலர் இந்தத் தனி அறைத் தொகையைப் பயணத்துக்குச் சில நாட்களுக்கு முன்புதான் அறிந்து திகைத்திருக்கிறார்கள். ஆகவே நாங்கள் முதல் கூட்டத்திலேயே அறைத்துணை சேர்த்துவிடுகிறோம்.

கடன் வாங்கிப் போகவேண்டாம். சீட்டுப் போட்டு இரண்டு ஆண்டு சேர்த்துப் போனவர்கள் நிம்மதியாக நடந்ததையும், கடன் அட்டையில் தேய்த்துப் போனவர்கள் ஒலிவ மலையிலும் தவணையை எண்ணிக்கொண்டிருந்ததையும் பார்த்திருக்கிறேன்.

தமிழ்நாட்டில் அரசாங்கமே உதவித்தொகை தருகிறதாம், நமக்கும் உண்டா?

இல்லை. தமிழ்நாடு அரசு கிறிஸ்தவர்களின் எருசலேம் பயணத்துக்கு நிதி உதவி வழங்கும் திட்டத்தை 2011இல் அறிவித்தது. அது அந்த மாநிலத்தில் வசிப்பவர்களுக்கானது. அங்கே உறவினர் இருந்தாலும், நம் முன்னோர் அந்த மண்ணிலிருந்தே வந்திருந்தாலும், அதில் நமக்கு இடமில்லை.

கூட்டிக்கொண்டு போகிற பாஸ்டருக்கு டிக்கெட் இலவசமாமே, அது நம் பணம்தானே?

நேர்மையாகக் கேட்கப்படும் கேள்வி, நேர்மையாகவே பதில் சொல்லவேண்டும். குறிப்பிட்ட எண்ணிக்கையில் பயணிகளைச் சேர்த்தால் ஒரு இடம் இலவசம் என்பது இந்தத் தொழிலில் உலகெங்கும் உள்ள வழக்கம். அந்த இலவச இடத்தின் செலவு மற்றவர்களின் கட்டணத்தில் பங்கிடப்பட்டிருக்கும். நாள்தோறும் செய்தி கொடுத்து, நோயுற்றவர்களைக் கவனித்து, இரவு வரை உழைக்கும் போதகர் அதைப் பெறுவதில் தவறில்லை. அதை மறைப்பதுதான் தவறு. எத்தனை இலவச இடம், யாருக்கு என்பதை முதல் கூட்டத்திலேயே எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். கேட்பதை அவமரியாதையாக எடுத்துக்கொள்கிற அமைப்பாளரோடு போகவேண்டாம்.

பணம் கட்டின பிறகு உடம்புக்கு முடியாமல் போனால் திரும்பக் கிடைக்குமா?

2008ஆம் ஆண்டின் 68ஆம் எண் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு முன்பதிவை ரத்து செய்யும் உரிமையை நமக்கு அளிக்கிறது. நியாயமான ரத்துக் கட்டணம் பிடிக்கலாம். ஆனால் பயணம் செய்யவேண்டியவர் இறந்துவிட்டாலோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டாலோ ரத்துக் கட்டணம் பிடிக்கக்கூடாது. இந்தப் பிரிவை அறியாமல் பணத்தை விட்டுக்கொடுத்த குடும்பங்களை நான் அறிவேன்.

முகவரே தொழிலை மூடிவிட்டால் சட்டம் கையில் இருந்தும் பணம் வராது. எங்கள் முதல் குழு அந்த வேதனையை அனுபவித்தது. ஒரு முகவரிடம் முன்பணம் கட்டியபின் அவர் அலுவலகம் பூட்டப்பட்டது, பதினோரு குடும்பங்கள் முழுத் தொகையையும் இழந்தன, அவர்களில் மூவர் ஓய்வூதியப் பணத்தில் கட்டியவர்கள். விசாரிக்காமல் அவரிடம் கொண்டுபோனவர்களில் நானும் ஒருத்தி. அன்றிலிருந்து, தென்னாப்பிரிக்கப் பயண முகவர் சங்கத்தில் உறுப்பினரா என்று பார்க்காமலும், ரசீதில் நிறுவனத்தின் பெயரும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒன்றுதானா என்று ஒப்பிடாமலும் ஒரு ராண்டும் கொடுப்பதில்லை. தனி மனிதர் ஒருவரின் கணக்கில் பணம் போடச் சொன்னால், அவர் எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும், போடவேண்டாம்.

எனக்கு 72 வயது, முழங்கால் வலி, சர்க்கரையும் இருக்கிறது. வரலாமா?

பலர் வந்திருக்கிறார்கள், ஆனால் ஆயத்தமில்லாமல் வரக்கூடாது. கலிலேயாக் கடல் கடல்மட்டத்துக்குச் சுமார் 210 மீட்டர் கீழே இருக்கிறது, சவக்கடல் சுமார் 430 மீட்டர் கீழே, எருசலேமோ சுமார் 750 மீட்டர் மேலே. ஒரே பகலில் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறுகிறோம். பழைய நகரம் முழுவதும் கல் பாவிய தெருக்களும் படிகளும். நூற்றாண்டுகளாகக் கால்பட்டு அந்தக் கற்கள் வழுவழுப்பாகிவிட்டன, மழையில் வழுக்கும். ஆண்டவர் சிலுவை சுமந்து நடந்ததாகப் போற்றப்படும் பாடுகளின் பாதை அறுநூறு மீட்டர் அளவுதான், ஆனாலும் கடைவீதி நெரிசலில் ஏறி இறங்கிப் போகவேண்டும். புறப்படுவதற்கு மூன்று மாதம் முன்பிருந்தே தினமும் நடந்து பழகுங்கள். சேலை கட்டிப் பழகிய அம்மாமாருக்கு, அந்தப் படிகளில் சுரிதாரும் பிடிமானமுள்ள காலணியும் பாதுகாப்பானவை. தோளும் முழங்காலும் மூடியிருந்தால் எந்த ஆலயத்திலும் தடையில்லை.

இன்சுலினையும் மாத்திரைகளையும் கைப்பையில் வையுங்கள், பெட்டியில் அல்ல. மருத்துவர் கையெழுத்திட்ட மருந்துச்சீட்டும் கடிதமும் உடன் இருக்கட்டும். பயணக் காப்பீட்டில் ஏற்கெனவே உள்ள நோய்களை மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தால், தேவைப்படும் வேளையில் அந்தக் காப்பீடு உதவாது. நடக்க முடியாத நாளில் பேருந்திலோ விடுதியிலோ தங்கிவிடலாம், யாரும் கட்டாயப்படுத்தமாட்டார்கள்.

சாப்பாடு நமக்கு ஒத்துக்கொள்ளுமா? ஊறுகாய் கொண்டுவரலாமா?

சோறும் கோழியும் மீனும் காய்கறிகளும் நிறையவே கிடைக்கும், காரம்தான் இருக்காது. யூத விடுதிகளில் இறைச்சியையும் பாலையும் சேர்த்துப் பரிமாறுவதில்லை, எனவே இரவு உணவுக்குப் பின் பால் கலந்த தேநீர் கேட்டுச் சங்கடப்படவேண்டாம். வெளியிலிருந்து கொண்டுவந்த உணவை அந்த உணவுக்கூடத்தில் திறக்கவும் கூடாது. அது அவர்களுடைய சமய ஒழுங்கு. ஊறுகாயை நன்றாக மூடிப் பெட்டியில் வைத்துக் கொண்டுவாருங்கள், மதிய உணவில் அரபுக் கடைகளின் ரொட்டியோடு சாப்பிடலாம். வெள்ளி மாலை முதல் சனி மாலை வரை ஓய்வுநாள். பல கடைகள் மூடியிருக்கும், அன்று பொத்தானை அழுத்தாதவர்களுக்காக விடுதியில் ஒரு மின்தூக்கி ஒவ்வொரு மாடியிலும் தானே நின்று போகும். நம் நாட்டுப் பெரிய மூன்று முனைச் செருகி அங்கே பொருந்தாது, அதற்கான இணைப்பான் (அடாப்டர்) ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள்.

வழிகாட்டி தமிழில் பேசுவாரா?

பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். இஸ்ரேலில் அரசு உரிமம் பெற்றவரே குழுவுக்கு வழிகாட்டலாம், அவர்களில் தமிழ் தெரிந்தவர் கிடைப்பது அரிது. எங்கள் பேருந்தில் வழிகாட்டி நிறுத்தும் இடங்களில் ஒருவர் தமிழில் சுருக்கிச் சொல்வார், வேத பகுதியைத் தமிழிலேயே வாசிப்போம். எனவே தமிழ் வேதாகமத்தைக் கொண்டுவாருங்கள். "கப்பர்நகூம்" என்று வாசித்தே பழகிய காதுக்கு ஆங்கில உச்சரிப்பில் சொல்லப்படும் ஊர் எதுவென்று புரியாமல் போவதுண்டு, ஆகவே ஊர்ப்பெயர்ப் பட்டியல் ஒன்றைத் தயாரித்துத் தருகிறோம்.

ஒலிவ மலையில் பரமண்டல ஜெப ஆலயத்தின் சுவர்களில் நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளில் அந்த ஜெபம் ஓடுகளில் எழுதப்பட்டிருக்கிறது. தமிழும் உண்டு. வீட்டில் பேரப்பிள்ளைகள் ஆங்கிலத்தில் மட்டுமே பதில் சொல்லிப் பழகிவிட்ட முதியவர்கள் அந்த ஓட்டின் முன் நின்று உரக்க வாசிப்பதை நான் ஒவ்வொரு பயணத்திலும் பார்க்கிறேன். பெதஸ்தா குளத்தருகே உள்ள புனித அன்னாள் ஆலயத்தில் ஒலி நெடுநேரம் எதிரொலிக்கும். அங்கே நம் கீர்த்தனை ஒன்றைப் பாடுவோம், வேகமாகப் பாடாமல் ஒவ்வொரு அடிக்கும் இடைவெளி விட்டு.

இதுதான் உண்மையிலேயே அந்த இடமா, எப்படி நம்புவது? கல்லறை இரண்டு இருக்கிறதாமே?

இந்தக் கேள்விக்கு வழிகாட்டிகள் சிலர் பூசி மெழுகிப் பதில் சொல்கிறார்கள். அது விசுவாசத்துக்கு நன்மை செய்வதில்லை. இடங்கள் எல்லாம் ஒரே அளவு உறுதியானவை அல்ல. கப்பர்நகூம் எது என்பதில் ஐயமில்லை. அங்கே இப்போது நிற்கும் வெண்கல் ஜெப ஆலயம் ஆண்டவர் காலத்துக்கு நூற்றாண்டுகள் பிந்தியது, அதன் அடியில் கருங்கல் அடித்தளம் தெரிகிறது. சீலோவாம் குளத்தின் படிகள் 2004இல் வெளிப்பட்டன. செசரியாவில் 1961இல் பொந்தியு பிலாத்துவின் பெயர் பொறித்த கல் கிடைத்தது. மறுபுறம், கானா ஊர் எது என்பதில் ஆய்வாளர்கள் ஒன்றுபடவில்லை. எம்மாவுக்குப் பல ஊர்கள் உரிமை கோருகின்றன. மேல்வீட்டறை என்று காட்டப்படும் கட்டடம் சிலுவைப்போர் காலத்து வளைவுகளைக் கொண்டது. பாடுகளின் பாதை பிற்கால யாத்திரிகர்களின் பக்தியால் அமைந்தது, அன்றைய தெருமட்டம் இன்றைய கற்களுக்குப் பல அடி கீழே இருக்கிறது.

கல்லறை விஷயத்துக்கு வருவோம். பரிசுத்த கல்லறை ஆலயம் இன்றைய மதிலுக்குள் இருப்பதால் "நகரத்துக்கு வெளியே" என்ற வசனத்துக்கு முரண் என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் ஆண்டவர் காலத்தில் அந்த இடம் மதிலுக்கு வெளியேதான் இருந்தது, அதைச் சூழ்ந்த மதில் சில ஆண்டுகள் கழித்தே எழுந்தது. அங்கே முதல் நூற்றாண்டு யூதக் கல்லறைகள் இன்றும் காணக்கிடைக்கின்றன. கான்ஸ்தந்தீன் பேரரசர் எழுப்பிய ஆலயம் 335இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. இரண்டாவது இடமான, மதிலுக்கு வெளியே உள்ள தோட்டக் கல்லறையை 1883இல் கார்டன் என்னும் ஆங்கிலத் தளபதி முன்மொழிந்து பிரபலமாக்கினார். அங்குள்ள குகை ஆண்டவருக்குப் பல நூற்றாண்டு முந்தியது என்று தொல்லியலாளர் கூறுகிறார்கள். சுவிசேஷமோ ஒருவரும் வைக்கப்படாத புதிய கல்லறை என்கிறது. ஆகவே சான்றுகள் முதல் இடத்தின் பக்கமே சாய்கின்றன.

ஆயினும் இரண்டுக்கும் அழைத்துப் போகிறோம். முதல் இடத்தில் கூட்டமும் புகையும் ஆறு சபைப் பிரிவுகளின் முறைவழிபாடும், வாயில் திறவுகோலைத் தலைமுறைகளாகக் காத்துவரும் இஸ்லாமியக் குடும்பங்களும். தோட்டத்தில் மரநிழலும் அமைதியும். முன்பதிவு செய்தால் அங்கே குழுவாகத் திருவிருந்தும் எடுக்கலாம். வரலாற்றை முதல் இடத்தில் படியுங்கள், யோவான் 20ஐத் தோட்டத்தில் உட்கார்ந்து வாசியுங்கள் என்று சொல்வேன்.

கத்தோலிக்கரும் பெந்தெகொஸ்தேகாரரும் ஒரே பேருந்தில் வந்தால் சண்டை வராதா?

எங்கள் குழுக்களில் கத்தோலிக்கர், ஆங்கிலிக்கர், மெதடிஸ்தர், பெந்தெகொஸ்தே சபையார் எல்லாரும் இருந்தார்கள், பல வேளைகளில் ஒரே குடும்பத்திலிருந்தே. கத்தோலிக்கருக்குத் திருப்பலிக்கான நேரத்தை முன்பே ஒதுக்குகிறோம், அந்த நேரத்தில் மற்றவர்கள் வெளியே ஜெபிக்கிறார்கள் அல்லது ஓய்வெடுக்கிறார்கள். ஒருவர் முழங்காற்படியிட்டுக் கல்லை முத்தமிடும்போது மற்றவர் விமர்சிக்கக் கூடாது, ஒருவர் உரத்த குரலில் அந்நிய பாஷையில் ஜெபிக்க விரும்பினால் மற்றவர்களின் வழிபாடு நடக்கும் ஆலயத்துக்குள் அல்ல, திறந்த வெளியில் செய்யவேண்டும் என்ற இரண்டை மட்டும் புறப்படுமுன் எல்லாரிடமும் கேட்டுக்கொள்கிறோம்.

சின்ன வயதில் ஞானஸ்நானம் எடுத்தவர்கள் யோர்தானில் மறுபடியும் எடுக்கலாமா?

இது சபைப் போதனையைப் பொறுத்தது, நான் தீர்ப்புச் சொல்லமாட்டேன். கத்தோலிக்க, ஆங்கிலிக்க, மெதடிஸ்த சபைகள் ஞானஸ்நானம் ஒருமுறைதான் என்று கற்பிக்கின்றன. அந்தச் சபையார் ஆற்றில் இறங்கித் தங்கள் வாக்குறுதியைப் புதுப்பித்துக்கொள்ளலாம், நீரை நெற்றியில் தொட்டுக்கொள்ளலாம். விசுவாச ஞானஸ்நானம் கொடுக்கும் சபையார் தங்கள் போதகரோடு முன்னதாகவே பேசி முடிவெடுத்து வரவேண்டும். கரையில் நின்று உணர்ச்சிவேகத்தில் எடுத்த முடிவால், ஊருக்குத் திரும்பியபின் வீட்டில் மனத்தாங்கல் உண்டானதைப் பார்த்திருக்கிறேன்.

இடமும் மூன்று உண்டு. கலிலேயாக் கடலின் தென்முனைக்கு அருகே உள்ள யார்தெனித் வசதியானது, ஆனால் வேதம் சொல்லும் இடம் அதுவல்ல. எரிகோவுக்கு அருகே உள்ள கஸ்ர் அல்-யஹூத், எதிர்க்கரையில் யோர்தான் நாட்டின் அல்-மக்தாஸ் ஆகிய இரண்டும் மரபுக்கு நெருக்கமானவை. அல்-மக்தாஸ் 2015இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அங்கே ஆறு மிகக் குறுகலாகவும் கலங்கலாகவும் ஓடும். யோர்தானில் முழுகச் சொன்னபோது சீரியப் படைத்தலைவன் நாகமான் கொண்ட கோபம் அப்போது புரியும்.

என் தங்கை இந்து, அவளும் வர ஆசைப்படுகிறாள். சேர்த்துக்கொள்வீர்களா?

மகிழ்ச்சியோடு. நம் ஊரில் ஒரே வீட்டில் சிலுவையும் குத்துவிளக்கும் இருக்கும் குடும்பங்கள் எத்தனையோ. எந்த ஆலயத்திலும் மதம் கேட்டுத் தடுக்கமாட்டார்கள். திருவிருந்தில் மட்டும் பங்குபெறாமல் அருகில் அமர்ந்திருக்கலாம். அவரை மனமாற்ற வேண்டிய ஆளாக நடத்தாமல் உடன்பயணியாக நடத்தும்படி குழுவினரிடம் சொல்லிவைக்கிறோம்.

போர் வந்தால் என்ன செய்வது? பாதுகாப்பாகக் கூட்டிவர முடியுமா?

முழு உறுதி கொடுக்க எவராலும் முடியாது, கொடுப்பவரை நம்பவேண்டாம். 2023 அக்டோபர் 7க்குப் பின் உலகெங்கும் குழுக்கள் பயணத்தை நிறுத்தின. 2025 ஜூனில் இஸ்ரேலின் வான்வெளி மூடப்பட்டபோது உள்ளே இருந்தவர்கள் தரைவழியாக யோர்தானுக்கும் எகிப்துக்கும் வெளியேறினார்கள். பெரும்பாலான காப்பீடுகள் போரால் வரும் இழப்பை ஏற்பதில்லை, அந்தப் பக்கத்தை ஒருமுறை முழுதாக வாசியுங்கள். நம் நாடு 2023 நவம்பரில் டெல் அவீவிலிருந்து தன் தூதரக அதிகாரிகளைத் திரும்ப அழைத்துக்கொண்டது, ஆகவே கடவுச்சீட்டு தொலைந்தால் உதவி உடனே கிடைக்கும் என்ற எண்ணத்தோடு போகக்கூடாது. நம் வெளியுறவுத் துறையின் பயண எச்சரிக்கையைப் பணம் கட்டுமுன்னும் புறப்படுமுன்னும் பார்க்கிறோம்.

அமைதி இல்லாத ஆண்டில் வேறு வழி இருக்கிறது. யோர்தான் நாட்டு இடங்களோ, பவுல் நடந்த கிரேக்க நகரங்களோ, வெளிப்படுத்தின விசேஷத்தின் ஏழு சபைகள் இருந்த துருக்கியின் எபேசு, சிமிர்னா, பெர்கமு, தியத்தீரா, சர்தை, பிலதெல்பியா, லவோதிக்கேயா ஆகியவையோ குறைந்த பயணமல்ல. எபேசுவின் அரங்கத்தில் அப்போஸ்தலர் 19ஐ வாசித்தால் அந்தக் கூச்சல் காதில் விழும்.

அங்கே நடக்கிற அநியாயத்தை நம் நாடே உலக நீதிமன்றத்துக்குக் கொண்டுபோயிருக்கிறது. இந்த நேரத்தில் போவது சரியா?

காசாவில் இனப்படுகொலை நடப்பதாக இஸ்ரேல்மீது தென்னாப்பிரிக்கா 2023 டிசம்பர் 29 அன்று அந்த வழக்கைத் தொடுத்தது. குடியிருப்புகளை இனவாரியாகப் பிரித்த குழு நிலச் சட்டத்தால் டர்பனின் காட்டோ மேனரிலிருந்து பிடுங்கி எறியப்பட்டு சாட்ஸ்வொர்த்தில் குடியேறிய பெற்றோருக்குப் பிறந்தவள் நான். பெத்லகேமில் சுவரையும் சோதனைச்சாவடியையும் கடக்கும்போது எனக்கு வேறெதுவும் நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. இந்த அமைதியின்மை தீரும்வரை போகமாட்டேன் என்று முடிவு செய்பவரை மதிக்கிறேன். போகிறவர்கள் அங்குள்ள கிறிஸ்தவர்களைக் காணாமல் திரும்பக் கூடாது என்பதே என் வேண்டுகோள். கற்களை மட்டும் வணங்கிவிட்டு, அந்தக் கற்களுக்கிடையே இரண்டாயிரம் ஆண்டாக விசுவாசத்தைக் காத்து வாழும் பாலஸ்தீனச் சபையைக் கடந்துபோனால் அது யாத்திரையாகாது. பெத்லகேமிலும் அதை அடுத்துள்ள பெய்த் சாஹூரிலும் ஒரு இரவாவது தங்குகிறோம், ஞாயிறு ஆராதனையை அவர்களோடு சேர்ந்து செய்கிறோம், பரிசுப் பொருட்களை அவர்களின் ஒலிவ மரப் பட்டறைகளில் வாங்குகிறோம். பெத்லகேமுக்குள் வழிகாட்டி மாறுவார் என்பதால் இருதரப்பு வழிகாட்டிகளையும் கேட்க வாய்ப்புண்டு. எதிர்த்து வாதிடாமல் முதலில் கேளுங்கள்.

வரும்போது யோர்தான் தண்ணீரும் கல்வாரி மண்ணும் கொண்டுவரச் சொல்லி அம்மா கேட்கிறார்கள். முடியுமா?

தண்ணீரைக் கொண்டுவரலாம். 100 மில்லிக்கு மேற்பட்ட புட்டியைக் கைப்பையில் வைத்தால் வழியில் விமான நிலையத்தில் பறித்துவிடக்கூடும், இறுக மூடிப் பெட்டியில் வையுங்கள். அதைக் குடிக்கவேண்டாம். மண்ணையும் செடி, விதை, ஒலிவக் கிளை ஆகியவற்றையும் அனுமதிச்சீட்டு இல்லாமல் தென்னாப்பிரிக்காவுக்குள் கொண்டுவர முடியாது, விமான நிலையத்தில் பறித்துவிடுவார்கள். திரும்பும்போது பென் குரியோன் விமான நிலையத்தில் பெட்டியை யார் அடுக்கினார்கள், யாரிடம் என்ன வாங்கினீர்கள் என்று விரிவாகக் கேட்பார்கள். மூன்று மணி நேரம் முன்னதாகப் போய்ச் சுருக்கமாகவும் உண்மையாகவும் பதில் சொல்லுங்கள்.

மண்ணுக்குப் பதிலாக ஒன்று சொல்கிறேன். வரமுடியாத அம்மாவிடம் அவர் ஜெபிக்க விரும்பும் பெயர்களை ஒரு தாளில் தமிழில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முதல் கேள்வியில் சொன்ன கரும்புத் தோட்டத்து முன்னோரின் பெயர்களையும் சிலர் எழுதித் தருகிறார்கள். கெத்செமனேயில் ஒலிவ மரங்களின் ஓரமாக அந்தப் பெயர்களை வாசிக்க ஒவ்வொரு குழுவுக்கும் அரை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறோம். தாளைத் திருப்பிக் கொண்டுவந்து அம்மாவிடமே கொடுத்துவிடுங்கள்.